குமரி மாவட்டப் பெண்கள் நடத்தும் தொழில்கள்: கடன், உடைமை, சந்தை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் பெண்களும், வீட்டோடு ஒரு தொழிலைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் பெண்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. அரசுத் திட்டங்களின் காலமும் உச்சவரம்பும் நிதியாண்டுதோறும் மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன் அன்றைய நிலையை மாவட்டத் தொழில் மையத்திலோ வங்கிக் கிளையிலோ கேட்டுக்கொள்வது நல்லது.

குமரிப் பெண்கள் காலங்காலமாக உழைத்துத்தானே வருகிறார்கள்? பெண்களின் தொழில் என்று தனியாகப் பேச என்ன தேவை இருக்கிறது?

உழைப்பவர் ஒருவராகவும் உடையவர் வேறொருவராகவும் இருப்பதுதான் இங்குள்ள சிக்கல். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் அண்டி ஆபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) முந்திரிக்கொட்டையை உடைப்பவர்கள், தோல் நீக்குபவர்கள், தரம் பிரிப்பவர்கள் எல்லோரும் ஏறத்தாழப் பெண்களே. ஆனால் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டையை இறக்குமதி செய்வதும், பருப்புக்கு விலை பேசுவதும் அவர்கள் கையில் இல்லை. கடலோரத்தில் தேங்காய்க் கதம்பையிலிருந்து எடுத்த தும்பை (நாரை)க் கயிறாகத் திரிப்பவர்களும், தோவாளையில் பூக் கட்டுபவர்களும், குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் மீன் சுமந்து ஊர் ஊராக விற்பவர்களும் பெண்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மிஷனரி குடும்பத்துப் பெண்கள் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் கடல் கடந்து விற்பனையானது. அப்போதும் பின்னியவருக்குக் கிடைத்தது கூலிதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் இது. ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள் வாழும் மாவட்டமும் ஆகும். இவ்வளவு படிப்பும் இவ்வளவு உழைப்பும் இருந்தும், லாபத்தைப் பிரிக்கும் இடத்தில் பெண்கள் குறைவாகவே இருக்கிறார்கள். இந்தியா முழுவதும் நிலை இதுதான். 2013-14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில், நாட்டிலுள்ள தொழில் அமைப்புகளில் பெண்களுக்குச் சொந்தமானவை சுமார் 80 லட்சம், அதாவது மொத்தத்தில் 14 விழுக்காட்டிற்கும் குறைவு என்று தெரியவந்தது. அவற்றில் மிகுதியானவை தமிழ்நாட்டில் இருந்தன என்பது நமக்கு ஊக்கம் தரும் செய்தி.

பணம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடாதா?

நடக்காது. அதே கணக்கெடுப்பின்படி, பெண்களின் தொழில்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சொந்தக் கைப்பணத்தில் தொடங்கப்பட்டவை. அதே அளவிலானவை, கூலிக்கு ஒருவரைக்கூட அமர்த்தாமல் நடப்பவை. கடன் கிடைக்காதது இதற்கு ஒரு காரணம். ஆனால் தொழில் யார் பெயரில் இருக்கிறது, வரவு யார் கணக்கில் விழுகிறது, சரக்கை யாரிடம் விற்பது என்று யார் முடிவு செய்கிறார் என்பவையும் அதே அளவு முக்கியமான காரணங்கள். இம்மூன்றும் சரியாக அமையாத இடத்தில் பெருங்கடன் வாங்கினால், தொழில் வளர்வதற்குப் பதிலாகக் கடன்தான் வளரும். எனவே கடன் தொகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே தொழிலுக்கென ஒரு தனி வங்கிக் கணக்கு, ஒரு வரவு செலவு நோட்டு, நிலையாக வாங்கும் சில வாடிக்கையாளர்கள் ஆகியவற்றை அமைத்துக்கொள்ளுமாறு வலியுறுத்துகிறோம். ஆறு மாத வரவு ஒழுங்காகப் பதிவான கணக்கைக் காட்டும் பெண்ணிடம் வங்கி மேலாளர் பேசும் முறையே வேறாக இருக்கும்.

மானியம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் என் பெயரில் விண்ணப்பிக்க வீட்டார் விரும்புகிறார்கள். தொழிலை நடத்தப்போவது அவர்கள். இதில் தவறு உண்டா?

உண்டு, அதன் சுமை முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் நீங்கள். தவணை தவறினால் கெடுவது, வங்கிகள் பார்க்கும் உங்கள் கடன் நாணய மதிப்பெண்ணான சிபில் மதிப்பு. வழக்கு வந்தாலும் உங்கள் பெயரில்தான் வரும். பிற்காலத்தில் நீங்களே மனதார ஒரு தொழில் தொடங்க நினைக்கும்போது, இந்தப் பழைய கடன் குறுக்கே நிற்கும். புதிய தொழில் முனைவோருக்கான மானியத்தை ஒருமுறை பெற்றவர் மறுமுறை பெறுவதும் அரிது.

குடும்பத்தார் உதவக் கூடாது என்பது இதன் பொருள் அன்று. கணவர் வண்டி ஓட்டலாம், மகன் கணக்குப் பார்க்கலாம், மாமியார் பொட்டலம் கட்டலாம். ஆனால் காசோலையில் கையெழுத்திடுபவரும், கொள்முதல் விலை தெரிந்தவரும், லாபத்தை எங்கே செலவிடுவது என்று தீர்மானிப்பவரும் நீங்களாக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனமாக இருந்தால் உங்கள் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பது அவசியம். பெண்களின் நிறுவனம் என்று அரசு ஏற்றுக்கொள்வதற்குப் பல திட்டங்களில் இதுவே அளவுகோல்.

உத்யம் பதிவு கட்டாயமா? அதற்கு எவ்வளவு செலவாகும்?

செலவு எதுவும் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவை ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் கொண்டு அரசு இணையதளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கட்டணம் கேட்கும். அவற்றிற்குப் பணம் கட்ட வேண்டாம். ஜிஎஸ்டி எண் இல்லாத மிகச்சிறு தொழில்களுக்காக உத்யம் உதவித் தளம் என்று ஒன்று 2023இல் தொடங்கப்பட்டது. வங்கி போன்ற அமைப்புகளின் வழியாக அதில் சேரலாம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், பதிவு இல்லாமல் முன்னுரிமைக் கடனோ, அரசுக் கொள்முதல் வாய்ப்போ, தாமதமான பணத்தைக் கேட்டுப் பெறும் உரிமையோ கைக்கு வராது.

எந்தத் திட்டம் எனக்குப் பொருந்தும்?

தொழிலின் அளவைப் பொறுத்தது. தையல், சிறு பெட்டிக்கடை, வீட்டுப் பலகாரம் போன்றவற்றுக்கு முத்ரா கடன் போதுமானது. 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று படிகள் உள்ளன. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை கிடைக்கும். இதில் மானியம் கிடையாது, ஈடும் கேட்கப்படாது.

இயந்திரம் வாங்கி உற்பத்தி செய்ய நினைப்பவர்கள் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பார்க்கலாம். உற்பத்திக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் சொந்தப் பங்கு 5 விழுக்காடு போதும். மானியம் ஊரகத்தில் 35, நகர்ப்புறத்தில் 25 விழுக்காடு. இங்கே குமரி மாவட்டத்தினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் மிக அதிகம். உங்கள் தொழிற்கூடம் பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால், எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். 10 லட்சம் மதிப்புள்ள திட்டத்தில் இந்த வேறுபாடு ஒரு லட்சம் ரூபாய்.

மாநில அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 15 லட்சம் வரையிலான தொழில்களுக்கு 25 விழுக்காடு, அதிகபட்சம் 3.75 லட்சம் மானியம் உண்டு. பட்டம், பட்டயம், ஐடிஐ போன்ற படிப்பு முடித்து முதல்முறையாகத் தொழிலில் இறங்குபவர்களுக்கு நீட்ஸ் திட்டம் இருக்கிறது. திட்ட மதிப்பு 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை, மானியம் 25 விழுக்காடு, உச்சவரம்பு 75 லட்சம். ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண்கள் 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் கேட்க வேண்டும். அதன் மானியம் 35 விழுக்காடு, உச்சவரம்பு 1.5 கோடி, கூடவே 6 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணிப் பக்கத்து மலைக்கிராமங்களுக்கு இச்செய்தி போதுமான அளவு சென்று சேரவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

விண்ணப்பங்களுக்கு வழிகாட்டுவது நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையம். தொழிலே தெரியாதவர்கள், மாவட்டத்தின் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியான இந்தியன் ஓவர்சீஸ் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் கட்டணமின்றிப் பயிற்சி பெறலாம்.

மானியத் தொகை கையில் எப்போது கிடைக்கும்?

கையில் கிடைக்காது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மானியத்தை நம்பி வேறு செலவுகளைத் திட்டமிட்டுச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். மேலே சொன்ன பிரதமர் திட்டத்தில் கிராமப்புறத்தில் 10 லட்சத்துக்கு ஒரு தொழில் தொடங்குவதாகக் கொள்வோம். 50,000 ரூபாய் உங்கள் பங்கு, மீதி 9.5 லட்சத்தை வங்கி கடனாகத் தரும். அரசு தரும் 3.5 லட்சம், வங்கியில் உங்கள் பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி கிடைக்காது. அந்த அளவு கடனுக்கு உங்களிடமும் வட்டி வாங்க மாட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, தொழில் உண்மையாகவே நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகு அந்தத் தொகை கடனில் கழிக்கப்படும். இடையில் தொழிலை மூடினாலோ தவணையைக் கைவிட்டாலோ மானியமும் போய்விடும்.

என் பெயரில் நிலமோ வீடோ இல்லை. ஈடு இல்லாமல் கடன் தருவார்களா?

குறு, சிறு தொழில்களுக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு (அதற்கு முன் 10 லட்சம்) வங்கிகள் ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேற்பட்ட கடனுக்கும், குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியின்கீழ், ஈடும் மூன்றாமவர் ஜாமீனும் இல்லாமல் தர வழியிருக்கிறது. பெண்களின் நிறுவனங்களுக்கு அதில் உத்தரவாத அளவு கூடுதல். இருந்தும் பல கிளைகளில் 'பத்திரம் இருக்கிறதா' என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. அப்போது இவ்விதியைச் சுட்டிக்காட்டி, விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் இந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வியும் இருக்கிறது. குமரிப் பெண்களின் பெயரில் நிலம் ஏன் இல்லை? இம்மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் மரபில் இருந்த பகுதி. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்திய 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்றோ 5,000 ரூபாயோ, இரண்டில் எது குறைவோ அதை மட்டுமே தந்தது. சீதனம் கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை. அச்சட்டம் செல்லாது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. ஆகவே தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. இந்துக் குடும்பங்களில் 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தமும் மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளியாக்கின. இஸ்லாமியப் பெண்களுக்கும் அவர்களுடைய சட்டப்படி உறுதியான பங்கு உண்டு.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், கல்யாணத்துக்கு நகையும் பணமும் கொடுத்தாயிற்று என்ற ஒரே காரணத்துக்காகச் சொத்தில் தம் பங்கை விட்டுக்கொடுத்துச் சகோதரருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் தொடர்கிறது. அந்த நகையோ பெரும்பாலும் வேறொருவர் தேவைக்காக அடகுக்குப் போய்விடுகிறது. கையெழுத்திடுவதற்கு முன் ஒருமுறை வழக்கறிஞரிடம் கேளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே ஆலோசனை கிடைக்கும். புதிதாக மனை வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி: 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு.

கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் கடன் கிடைக்காது என்கிறார்களே?

வயது வந்த பெண் தன் பெயரில் தொழிற்கடன் பெறக் கணவரின் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஈடாக வைக்கும் சொத்தில் அவருக்குப் பங்கு இருந்தால் மட்டுமே அவருடைய ஒப்புதல் தேவைப்படும். குறு, சிறு தொழில்களுக்கான 25 லட்சம் வரையிலான கடன் விண்ணப்பங்களில் 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் வங்கியின் மேல் அலுவலகத்திற்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கும் எழுதுங்கள். 30 நாள்களில் விடை வராவிட்டாலோ விடை நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

மகளிர் குழுவில் கடன் வாங்குகிறேன். அது போதாதா?

தொடங்குவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் அரும்பிய சுயஉதவிக் குழு இயக்கம், பெண்களுக்கு வங்கி வாசலைத் திறந்துவிட்டது. ஆயினும் குழுக் கடன் உறுப்பினர்களிடையே பிரியும்போது ஒருவர் பங்குக்கு வருவது சிறு தொகையாகவே இருக்கும். அது மகள் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் வீட்டு ஓட்டை மாற்றவும் போய்விடுவதும் உண்டு. அந்தச் செலவுகள் நியாயமானவை என்பதில் ஐயமில்லை, ஆனால் அவற்றைத் தொழில் முதலீடு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. குழுவில் ஓரிரண்டு சுற்றுக் கடனை ஒழுங்காக அடைத்தவர், அந்த அடைவுச் சான்றைக் கொண்டு தனிப் பெயரில் முத்ராவுக்கு விண்ணப்பிப்பதே அடுத்த படி. குழுவைவிட்டு விலக வேண்டியதில்லை.

மீன் விற்பவர்களுக்கும் கருவாடு போடுபவர்களுக்கும் தனியாக ஏதேனும் கவனம் வேண்டுமா?

வேண்டும், ஏனென்றால் இவர்களின் வருமானம் மாதந்தோறும் ஒரே சீராக வருவதில்லை. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரையிலான மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு தடைக்காலமும் ஒரே மாவட்டத்துக்குள் வருகின்றன. ஆகவே கடன் வாங்கும்போதே, தடைக்காலத்தில் வட்டி மட்டும் கட்டி, மீன்வரத்து மிகுந்த மாதங்களில் அசலைக் கூட்டிக் கட்டும் வகையில் தவணையை அமைத்துத் தருமாறு கேளுங்கள். சம்பளக்காரருக்கு வகுத்த மாதத் தவணையை மீனவப் பெண்ணுக்கும் விதித்தால், ஜூன் மாதத்தில் அவர் தவணைக்காக மீட்டர் வட்டிக்காரரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை.

மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்தில் 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 ரூபாய் சேர்த்துத் தருகிறது. மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக இதில் சேரலாம். நகரப் பகுதிகளில் தெருவில் அமர்ந்து மீனோ பூவோ விற்பவர்கள், 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்று பெற்றுக்கொள்ள வேண்டும். அது கையில் இருந்தால் திடீரென்று எழுப்பிவிட முடியாது. தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாக 15,000 ரூபாய் வரை ஈடில்லாக் கடனும் கேட்கலாம்.

களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் விற்க ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?

இம்மாவட்டத்தில் இதைவிட முக்கியமான கேள்வி அரிது. நமக்கு மிக அருகிலுள்ள பெருநகரம் திருவனந்தபுரம்; நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஓணக் காலத்தில் ஏத்தங்காய் சிப்ஸுக்கும் தோவாளைப் பூவுக்கும் அங்கே இருக்கும் தேவையை நம் ஊரில் காண முடியாது. மொழியும் பழக்கமும் நமக்கு அந்நியமல்ல. ஆனால் நடுவில் ஒரு மாநில எல்லை இருக்கிறது.

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொருந்தாது. முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். மூன்று வகையினர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பூ, பச்சை மீன், வாழைப்பழம் போன்று வரியே இல்லாத பொருள்களை மட்டும் விற்பவர்கள் முதல் வகை. கையால் பின்னிய லேஸ் போன்று அரசு அறிவித்த பட்டியலிலுள்ள கைவினைப் பொருள்களைச் செய்பவர்கள் இரண்டாம் வகை. பான் எண்ணும், சரக்கு அனுப்பும்போது இ-வே பில்லும் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்சீட்டும்) இருந்தால் இவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. 20 லட்சத்துக்குக் குறைவாகச் சேவைத் தொழில் செய்பவர்கள் மூன்றாம் வகை. சிப்ஸ், ஊறுகாய், தைத்த ஆடை போன்றவற்றை எல்லை தாண்டி விற்பவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும்; அதுவும் வழக்கமான முறையில், ஏனெனில் விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது.

பதிவுக்கு அஞ்சி அந்தச் சந்தையையே விட்டுவிடும் பெண்கள் உள்ளனர். வேறு சிலர் எல்லை தாண்டிச் சென்று வரும் வியாபாரியிடம் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகின்றனர். ஐந்தாறு பெண்கள் சேர்ந்து ஒரே நிறுவனமாகப் பதிந்து, கணக்காளர் கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு வரும் செலவு மிகக் குறைவு. அந்த இடைத்தரகர் பெறும் லாபம் அதைவிடப் பலமடங்கு. தமிழ்நாட்டுக்குள் இணையவழி விற்பவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் முழுப் பதிவு தேவையில்லை. ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும்.

வீட்டு அடுப்பில் செய்யும் பலகாரத்துக்கு உரிமம் வேண்டுமா?

வேண்டும். சிறு அளவில் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பொட்டலத்தின் மீது பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த நாள், பயன்படுத்தத் தகுந்த கடைசி நாள், விலை, முகவரி, பதிவு எண், சைவ அல்லது அசைவக் குறி ஆகியவை இருக்க வேண்டும்.

என் சரக்குக்கு எப்படி விலை வைப்பது?

பெண்கள் நடத்தும் தொழில்களில் நாங்கள் காணும் மிகப் பெரிய இழப்பு இங்கேதான் நேர்கிறது. மட்டிப்பழமோ ஏத்தங்காயோ வாங்கிய விலை, எண்ணெய், கவர் ஆகிய மூன்றையும் கூட்டி, அதன்மேல் சிறிது வைத்து விற்றுவிடுகிறார்கள். சொந்த உழைப்புக்குக் கூலி போடுவதில்லை. விறகு, கேஸ், மின்சாரம், பேருந்துக் கட்டணம், உடைந்ததும் கருகியதும், இயந்திரத்தின் தேய்மானம் எதுவும் கணக்கில் ஏறுவதில்லை. கருப்பட்டி காய்ச்சும் பெண் அக்கானியை (பதநீரை)க் கொதிக்கவிட்டுப் பல மணி நேரம் அடுப்பருகே நிற்கிறார். அந்த நேரத்துக்கு விலை இல்லையென்றால், அவர் விற்கும் ஒவ்வொரு கிலோவிலும் தம் கூலியை வாங்குபவருக்கு இனாமாகத் தருகிறார் என்பதே பொருள்.

உங்கள் ஊரில் அதே வேலைக்கு ஒரு பெண்ணை அமர்த்தினால் என்ன நாள்கூலி கொடுப்பீர்களோ, அதை உங்களுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாச் செலவையும் கூட்டிய பிறகு வரும் அடக்க விலை சந்தை விலையைவிடக் கூடினால், அந்தப் பொருளைச் செய்யும் முறையை மாற்ற வேண்டும், அல்லது அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இதை ஒப்புக்கொள்வது கடினம். கைக்கு வந்த பணத்தையே லாபம் என்று நம்பி ஐந்தாண்டு உழைத்த பிறகு தெரிந்துகொள்வது அதைவிடக் கடினம்.

மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே, அதனால் எனக்கு என்ன நன்மை?

குறியீடு தானாக எந்த வீட்டுக்கும் பணம் கொண்டுவராது. மட்டி வாழை, ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, கன்னியாகுமரிக் கிராம்பு, வடசேரியை மையமாகக் கொண்ட நாகர்கோவில் கோயில் நகைகள் ஆகியவை இம்மாவட்டத்துக்குக் கிடைத்த குறியீடுகள். அந்தப் பெயரைப் பொட்டலத்தில் சட்டப்படி பயன்படுத்த, சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். பயிரிடுபவரும் தயாரிப்பவரும் பதியலாம். நிலப் பட்டா ஆண்கள் பெயரில் இருப்பதால் பதிபவர்களும் ஆண்களாகவே இருந்துவிடும் அபாயம் இருக்கிறது. மட்டிப்பழ ஜாமோ வற்றலோ செய்யும் பெண்களின் குழு தோட்டக்காரருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு சந்தைக்குப் போவது அறிவுடைமை.

சரக்கு வாங்கிய கடைக்காரர் பணத்தை இழுத்தடிக்கிறார். என்ன செய்யலாம்?

உத்யம் பதிவு பெற்ற உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களிலும், இல்லையென்றால் 15 நாள்களிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இணையவழி முறையீட்டுத் தளத்தில் முறையிடலாம். கைப்பட எழுதிய பில்லானாலும் சரி, தேதியும் கையொப்பமும் உள்ள ஒன்று இல்லாமல் இந்த உரிமையை நிலைநாட்ட முடியாது.

நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வந்து கடன் தருகின்றன. வாங்கலாமா?

வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், உங்கள் எல்லைகளைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலிப்பவர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வரவோ அழைக்கவோ கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் வாங்கும் நிலை வந்துவிட்டால், அதைக் குழுவில் வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

தொழில் வளர்ந்து பத்துப் பேரை வேலைக்கு வைத்தால் என் கடமைகள் என்ன?

10 பேர் ஆனதும் தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ பொருந்தும். காப்பீடு பெற்ற பெண் தொழிலாளிக்குப் பேறுகால விடுப்பு ஊதியமும் அதன் வழியாகவே கிடைப்பதால், அதை உங்கள் கைப்பணத்திலிருந்து தர வேண்டியதில்லை. 20 பேர் ஆனதும் வருங்கால வைப்புநிதி. 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேர் உள்ள இடத்தில், வெளியாள் ஒருவர் உட்பட, பெண் தலைமையில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். முதலாளியே பெண்ணாக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. கடை நடத்துபவர்கள், 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும். பத்துப் பேர் ஆகும்வரை காத்திராமல், முதல் தொழிலாளியை அமர்த்தும்போதே குறைந்தபட்சக் கூலி, கழிப்பறை, இருக்கை ஆகிய மூன்றையும் செய்துவிடுங்கள். கூலியை வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். நாளை அந்தப் பெண் தன் தொழிலுக்குக் கடன் கேட்கப் போகும்போது, அவர் கணக்கில் பதிவான அந்த வரவு அவருக்குச் சான்றாகும்.